குழந்தையின் முதல் சோற்றில் மீன்

நாற்றங்காலில் மெலிந்துபோன நாற்றை நடவு வயலில் வைத்து எவ்வளவு உரமிட்டாலும், அது நன்றாகத் தூர் கட்டுவதில்லை. சீம்பால் கிடைக்காத கன்றுக்குப் பின்னால் எத்தனை புண்ணாக்கு வைத்தாலும் அது பெரிய மாடாவது கடினம். உழவர்கள் அனைவரும் அறிந்த செய்தி இது. ஆனால் வீட்டில் வளரும் குழந்தைக்கும் இதே விதி பொருந்தும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

குழந்தை பிறந்து 6 மாதம் முடிந்த நாளிலிருந்து 2 வயது நிறையும் வரை உள்ள 18 மாதங்களே அதன் உயரத்தையும் மூளை வளர்ச்சியையும் பெருமளவு தீர்மானிக்கின்றன. இந்தக் காலத்தில் குன்றிய உயரத்தைப் பின்னால் மீட்பது அரிது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 25 பேர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதவர்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்த சோகை இருந்தது. நெல்லும் பயறும் பாலும் விளைவிக்கும் வீடுகளிலும் இக்குறை உண்டு. வீட்டில் உணவு இல்லாததால் மட்டும் இது வருவதில்லை. குழந்தைக்கு என்ன கொடுக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

இக்குறையைப் போக்க நம் கைக்கு எட்டும் பொருள்களில் ஒன்று மீன். அதைக் குழந்தையின் முதல் திட உணவிலேயே சேர்ப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

6 மாதத்தில் ஏன் தொடங்க வேண்டும்?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர்கூட வேண்டியதில்லை. அதன் பிறகு தாய்ப்பாலை நிறுத்தாமல், கூடவே திட உணவும் தொடங்க வேண்டும். இதற்கு முக்கியக் காரணம் இரும்புச் சத்து. குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே இரும்புச் சத்தைச் சேமித்துக்கொண்டு பிறக்கிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய 6 மாதம் வரை வரும். தாய்ப்பாலில் மற்ற சத்துகள் நிறைய இருந்தாலும் இரும்பு மிகவும் குறைவு. எனவே 7-ம் மாதத்திலிருந்து இரும்பும் துத்தநாகமும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

இந்த நேரத்தில் நாம் கொடுப்பது என்ன? வடித்த கஞ்சி, ரசஞ்சோறு, பிஸ்கட்டைப் பாலில் கரைத்த கரைசல். இவற்றில் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. குழந்தையின் வயிறு மிகச் சிறியது. ஒரு கிலோ எடைக்கு சுமார் 30 மில்லி வீதம், 8 கிலோ எடையுள்ள குழந்தையின் வயிற்றில் ஒரு வேளைக்கு 240 மில்லிதான் கொள்ளும். அந்தச் சிறு இடத்தை நீர்த்த கஞ்சியால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் இல்லை. ஆகவே சிறிய அளவில் அதிகச் சத்து உள்ள உணவே குழந்தைக்கு ஏற்றது. மீனின் சிறப்பு இதுதான்.

மீனில் என்ன இருக்கிறது?

100 கிராம் பச்சை மீனில் பொதுவாக 16 முதல் 20 கிராம் வரை புரதம் இருக்கிறது. இப்புரதம் எளிதில் செரிக்கக்கூடியது. வளர்ச்சிக்குத் தேவையான எல்லா அமினோ அமிலங்களும் இதில் உண்டு. பயறு வகைகளில் புரதம் அதிகம் என்றாலும், அவற்றில் சில அமிலங்கள் குறைவு.

இரும்பும் துத்தநாகமும் மீனில் உடம்பு எளிதில் ஏற்கும் வடிவில் இருக்கின்றன. இதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. அரிசி, கேழ்வரகு, பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்பில் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் வெளியேறிவிடும். அவற்றோடு சிறிது மீனைச் சேர்த்துக் கொடுத்தால், அந்தத் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பும் கூடுதலாக உடம்பில் சேர்கிறது. புண்ணாக்கு கலந்தால் மாடு வைக்கோலையும் மிச்சமின்றித் தின்பதைப் போல, மீன் தானும் சத்துத் தந்து மற்ற உணவின் சத்தையும் பயன்பட வைக்கிறது.

இரத்தம் ஊறவும் நரம்பு வளரவும் தேவையான பி-12 வைட்டமின் தாவர உணவில் கிடைப்பதில்லை. மீனில் நிறைய உண்டு. கடல் மீனில் அயோடின் இருக்கிறது. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி போன்ற கொழுப்புள்ள மீன்களில் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு மிகுதி. சிறு மீனை முள்ளோடு அரைத்துக் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

எந்த மீன் நல்லது?

விலை உயர்ந்த மீன்தான் சத்துள்ளது என்று நினைப்பது தவறு. மலிவாகக் கிடைக்கும் மத்தியும் நெத்திலியும் சத்தில் வஞ்சிரத்துக்குக் குறைந்தவை அல்ல. குழந்தைக்கு மீன் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு: முள் எளிதில் நீங்க வேண்டும்; மீன் புதியதாக இருக்க வேண்டும்.

கடல் மீனில் சங்கரா, கொடுவா ஆகியவற்றின் சதையைப் பிரித்தெடுப்பது எளிது. குளத்து மீனில் விராலும் ஜிலேபிக் கெண்டையும் ஏற்றவை. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்களில் சதைக்குள் மெல்லிய கவட்டு முட்கள் மறைந்திருக்கும். முதுகிலும் வால் பக்கத்திலும் இவை அதிகம். எனவே குழந்தைக்கு வயிற்றுப் பக்கத் துண்டையே எடுக்க வேண்டும். அங்கே உள்ளவை பெரிய விலா முட்கள். கண்ணுக்குத் தெரியும், கையோடு வந்துவிடும்.

பெரிய சுறா, பெரிய சூரை, மயில் மீன் போன்ற மற்ற மீன்களைத் தின்று பல ஆண்டு வளரும் மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கக்கூடும். குழந்தைக்கும், பாலூட்டும் தாய்க்கும், கர்ப்பிணிக்கும் இவற்றைத் தவிர்ப்பது நல்லது. பால் ஊறுவதற்காகச் சுறாப் புட்டு கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெரிய சுறாவுக்குப் பதிலாக மத்தியோ நெத்திலியோ கொடுத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் அதிக நன்மை. உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் நஞ்சுள்ளது, யாருமே உண்ணலாகாது.

புதிய மீனின் கண் தெளிவாகவும் சற்றுப் புடைத்தும் இருக்கும். செவுள் சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் சதை மீண்டும் எழும்பும். செவுள் வெளுத்து, கண் குழிந்து, சதை பள்ளம் விழுந்த மீனைப் பெரியவர்களே தவிர்க்க வேண்டும். குறிப்பாக மத்தி, கானாங்கெளுத்தி, சூரை ஆகியவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஒருவகை நச்சுப் பொருள் உண்டாகிறது. எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. உள்ளூருக்கு மோட்டார் சைக்கிளில் கூவி விற்க வருபவரிடம் வாங்கினால், பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மதிய வெயிலில் ஊர் சுற்றி வந்த மீன் குழந்தைக்கு வேண்டாம்.

எவ்வளவு, எத்தனை வேளை?

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 6 முதல் 23 மாதம் வரை உள்ள குழந்தைகள் மீன், முட்டை, இறைச்சி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தினமும் உண்ண வேண்டும் என்று கூறியுள்ளது. அளவு பின்வருமாறு இருக்கலாம்.

6 மாதம் முடிந்ததும்: ஒரு வேளைக்கு 2 அல்லது 3 மேசைக்கரண்டி மசித்த உணவு. முதல் வாரம் அரிசி, பருப்பு, காய் எனப் பழக்கிவிட்டு, அடுத்த வாரத்தில் அரைத் தேக்கரண்டி மசித்த மீனைச் சேர்த்துத் தொடங்கலாம்.

7, 8 மாதம்: நாளைக்கு 2 முதல் 3 வேளை. ஒரு வேளைக்கு, 250 மில்லி கிண்ணத்தில் பாதி அளவுக்குப் படிப்படியாக உயர்த்த வேண்டும். மீன் நாளைக்கு 2 முதல் 3 தேக்கரண்டி, அதாவது 10 முதல் 15 கிராம்.

9 முதல் 11 மாதம்: 3 முதல் 4 வேளை, வேளைக்கு அரைக் கிண்ணம். மீன் 15 முதல் 20 கிராம். முழுதும் மசிக்காமல், விரலால் உதிர்த்துக் கொடுக்கலாம்.

1 வயது முதல் 2 வயது வரை: 3 முதல் 4 வேளை, வேளைக்கு முக்கால் முதல் ஒரு கிண்ணம். மீன் 25 முதல் 30 கிராம். வீட்டில் சமைக்கும் மீனையே, காரம் சேர்ப்பதற்கு முன் எடுத்துக் கொடுக்கலாம்.

இப்போது செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 8 மாதக் குழந்தைக்கு நாளைக்கு 15 கிராம் என்றால், மாதத்துக்கு 450 கிராம் சதை. முள், தலை, செதிள் கழிவு போக இந்தச் சதைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ மீன் போதும். மாதம் முழுவதற்கும் ஒரு கிலோ! வண்ணப் பெட்டியில் அடைத்து விற்கும் குழந்தை உணவின் விலையோடு மத்தியின் விலையை ஒப்பிட்டுப் பார்த்தால் எது ஆதாயம் என்பது விளங்கும்.

சமைக்கும் முறை

மீன் குழைசாதம்: பச்சரிசி 2 மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு 1 மேசைக்கரண்டி, பரங்கிக்காய் அல்லது காரட் ஒரு துண்டு ஆகியவற்றை நன்றாகக் குழைய வேகவைக்கவும். கழுவிய மீன் துண்டில் சிறிது மஞ்சள் தடவி இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்கவும். சதை வெண்மையாகி, தொட்டால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். கண்ணாடி போல் சதை தெரிந்தால் இன்னும் வேகவில்லை என்று பொருள். ஆறியதும் தோலை நீக்கி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சதையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் சிறிது சிறிதாக நசுக்கிப் பார்த்து முள்ளை அகற்றவும். கண்ணுக்குத் தப்பும் முள் விரலுக்குத் தப்பாது. முதல் இரண்டு மாதங்களில், நசுக்கிய சதையைச் சுத்தமான டீ வடிகட்டியில் வைத்துக் கரண்டியால் அழுத்தி எடுத்தால் இன்னும் பாதுகாப்பு. இதைக் குழைந்த சாதத்தோடு சேர்த்து மசித்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது நெய் விட்டு, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழியவும். எலுமிச்சை கவிச்சி வாடையைக் குறைக்கும். இரும்புச் சத்து உடம்பில் சேரவும் உதவும்.

கேழ்வரகு மீன் கூழ்: கேழ்வரகு மாவு 2 மேசைக்கரண்டியை நீரில் கரைத்துக் கட்டியில்லாமல் காய்ச்சவும். பாதி வெந்ததும் பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரை ஒரு பிடி சேர்க்கவும். இறக்கும் முன் மசித்த மீன் 2 தேக்கரண்டி அல்லது மீன் பொடி ஒரு தேக்கரண்டி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்த்து ஒரு கொதி விடவும்.

இரண்டிலும் பதம் முக்கியம். கரண்டியைச் சாய்த்தால் உணவு ஒழுகி ஓடக்கூடாது. மெதுவாக நழுவி விழ வேண்டும். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, மிளகாய் எதுவும் வேண்டாம். நமக்குச் சப்பென்று இருக்கும். குழந்தைக்கு அதுவே சுவை.

குழந்தை முதல் முறை துப்பினால் மீன் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புதிய சுவை பழகப் பத்து முறைகூடத் தேவைப்படும். வாயைத் திறந்து திணிக்காமல், இரண்டு நாள் விட்டு மீண்டும் கொடுத்துப் பாருங்கள்.

வேலை நாளுக்கு மீன் பொடி

நடவு, களையெடுப்பு, அறுவடைக் காலங்களில் தாய் விடியற்காலையில் வயலுக்குப் போய்விடுவாள். குழந்தை பாட்டியிடம் இருக்கும். காலையில் செய்த மீன் சாதத்தை மதியம் வரை வைத்துக் கொடுப்பது ஆபத்து. சமைத்த 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இத்தகைய நாள்களுக்கு மீன் பொடி கைகொடுக்கும். பாட்டி சூடாகக் கூழ் காய்ச்சி, ஒரு கரண்டி பொடி கலந்து ஊட்டிவிடலாம்.

செய்முறை எளிது. உப்பில்லாமல் உலர்த்திய நெத்திலியை வாங்கவும். மணலில் காயவைத்ததை வாங்க வேண்டாம். வலையிலோ பரணிலோ உலர்த்தியதே நல்லது. தலையையும் குடலையும் கிள்ளி எறிந்து, வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று முறை கழுவி, மெல்லிய துணியால் மூடி, மீண்டும் மொறுமொறுப்பாக உலர்த்தவும். பின்னர் வெறும் சட்டியில் இளந்தீயில் வறுக்கவும். கையால் ஒடித்தால் முறிய வேண்டும். ஆறியதும் மிக்சியில் நைசாக அரைத்து, மாவுச் சல்லடையில் இரண்டு முறை சலிக்கவும். சல்லடையில் நிற்கும் திப்பியைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். வீட்டுக் குழம்பில் போட்டுக்கொள்ளலாம்.

பொடியை ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் வைத்து, உலர்ந்த கரண்டியால் எடுக்க வேண்டும். 15 நாளைக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது. சிக்கு வாடை வந்தாலோ பூசணம் தெரிந்தாலோ எறிந்துவிடவும். ஒரு தேக்கரண்டிப் பொடி ஏறக்குறைய 10 கிராம் பச்சை மீனுக்குச் சமம்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. அந்த நாள்களில் கடல் மீன் விலை ஏறும். மலிவாகக் கிடைக்கும் காலத்தில் உலர் நெத்திலியை வாங்கி வைத்தால் குழந்தைக்கு இடைவெளி விழாது. சாதாரணக் கருவாட்டைப் பொடியாக்கக் கூடாது. அதில் உள்ள உப்பு, குழந்தையின் சிறுநீரகத்துக்குச் சுமை. இன்னொன்று: வெயிலில் உலர்த்தும்போது மீனில் உள்ள வைட்டமின் ஏ பெரிதும் அழிந்துவிடும். எனவே பொடி கொடுக்கும் நாளில் கீரை, பரங்கிக்காய், பப்பாளி இவற்றில் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மாந்தம், கரப்பான் வருமா?

மீன் கொடுத்தால் மாந்தம் வரும், கரப்பான் வரும், பல் முளைத்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. சரியாக வேகாத மீனும் கெட்ட மீனும் காரக் குழம்பும் குழந்தையின் வயிற்றைக் கெடுத்தது உண்மை. அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. நன்றாக வெந்து மசித்த புதிய மீன் அவ்வாறு செய்யாது. ஈறால் மசித்து விழுங்கும் பக்குவத்தில் கொடுப்பதால் பல்லும் தேவையில்லை. பாலும் மீனும் சேர்ந்தால் வெண்தழும்பு வரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தயங்காமல் மீன் கொடுக்கலாம்.

ஆனால் சில குழந்தைகளுக்கு மீன் ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு. ஒரு வயதுக்குப் பிறகு கொடுத்தால் ஒவ்வாமை வராது என்று முன்பு மருத்துவர்களும் கருதினார்கள். தள்ளிப் போடுவதால் பயன் இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. எனவே நாளைத் தள்ளாமல், முறையோடு தொடங்குவதே சரி. முதல் நாள் காலை வேளையில், சிறிதளவு, ஒரே வகை மீனை மட்டும் கொடுங்கள். அடுத்த 2, 3 நாள்களுக்கு வேறு புதிய உணவு எதையும் சேர்க்காதீர்கள். உடம்பில் தடிப்பு எழுந்தால் மீனை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். உதடு, முகம் வீங்கினாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, மூச்சு இழுத்தாலோ, சிறிதும் தாமதிக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஏற்கெனவே கடுமையான தோல் கரப்பான் உள்ள குழந்தைக்கும், வேறு உணவு ஒவ்வாத குழந்தைக்கும், மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

குழந்தையை உட்கார வைத்து, ஒருவர் எதிரில் இருந்து ஊட்ட வேண்டும். படுக்க வைத்தோ, அழும்போதோ, விளையாட்டுக் காட்டிக்கொண்டோ ஊட்டினால் புரை ஏறும்.

வீட்டுக் குட்டையிலேயே மீன்

பண்ணைக்குட்டை உள்ள உழவர்கள் கடல் மீனை எதிர்பார்க்க வேண்டியதில்லை. 20 சென்ட் குட்டையில் 8 முதல் 10 மாதம் தண்ணீர் நின்றால், விரலளவு வளர்ந்த கெண்டைக் குஞ்சுகள் 400 முதல் 600 வரை விடலாம். மேல் மட்டத்தில் மேயும் கட்லா 40, நடுமட்டத்தில் மேயும் ரோகு 30, அடிமட்டத்தில் மேயும் மிர்கால் 30 என்ற விகிதத்தில் கலந்து விட வேண்டும். தொடக்கத்தில் சுமார் 20 கிலோ சுண்ணாம்பு தூவி, பிறகு சாணமிட்டுத் தண்ணீர் பச்சை நிறமானதும் குஞ்சு விடலாம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்து தீவனமாக இடலாம். தரமான குஞ்சு கிடைக்குமிடத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாது. அதற்கு நம் நாட்டில் தடை உள்ளது.

வாய்க்கால் தண்ணீரோடு வந்து சேரும் பொடி மீன்களைக் களை மீன் என்று சொல்லி, குஞ்சு விடும் முன் இலுப்பைப் புண்ணாக்கு இட்டு அழிப்பது வழக்கம். கெண்டைக் குஞ்சுகளைத் தின்னும் விரால், கெளுத்தி போன்றவற்றை அகற்றுவது சரியே. ஆனால் எல்லாப் பொடி மீனும் களை அல்ல என்பதை வங்கதேச அனுபவம் காட்டுகிறது. அங்கே மோலா என்னும் விரல் நீள மீனில் வைட்டமின் ஏ மிக அதிகமாக இருப்பதும், அதைக் கெண்டையோடு ஒரே குளத்தில் வளர்க்கலாம் என்பதும் ஆய்வில் தெரியவந்தன. கெண்டையை விற்றுக் காசாக்கலாம். மோலாவை வாரந்தோறும் வீட்டுக்கு அள்ளிக்கொள்ளலாம். இந்த ஆராய்ச்சிக்காக, டிரினிடாட் நாட்டில் பிறந்த இந்திய வம்சாவளி அறிஞர் சகுந்தலா தில்ஸ்டட் அம்மையாருக்கு 2021-ல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. மோலாவின் வைட்டமின் ஏ பெரும்பாலும் அதன் கண்ணிலும் குடலிலும் இருப்பதால், தலையைக் கிள்ளி எறியாமல் முழுதாகச் சமைப்பதே அதன் பயன். நம் அயிரையும் கெண்டைப் பொடியும் முழுதாக உண்ணும் மீன்களே. அவற்றை நன்றாக வேகவைத்து, அம்மியில் நைசாக அரைத்து, வடிகட்டிக் கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. பூச்சிமருந்து தெளித்த வயலின் வடிகால் குட்டைக்குள் வரக்கூடாது. தெளிப்பானைக் குட்டையில் கழுவக்கூடாது. மருந்தடித்த பிறகு வயலிலோ வாய்க்காலிலோ மயங்கி மிதக்கும் மீனை அள்ளிச் சமைக்கும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அந்த மீனில் உள்ள நஞ்சு அடுப்பில் போகாது. குழந்தைக்கு மட்டுமன்றி எவருக்கும் அது ஆகாது.

மீன் மட்டும் போதுமா?

போதாது. கானா நாட்டில் 6 முதல் 12 மாதக் குழந்தைகளிடம் நடத்தி 1999-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சத்துமாவு மட்டும் உண்ட குழந்தைகளும், அதே சத்துமாவில் மீன் பொடி கலந்து உண்ட குழந்தைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வளர்ந்தார்கள். அதே நேரம், இவ்விரு வகையினரும் வழக்கமான கஞ்சியில் வளர்ந்த குழந்தைகளைவிட நன்றாக இருந்தார்கள். இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? பயறும் எண்ணெய் வித்தும் சேர்ந்த கெட்டியான உணவு, போதிய அளவு, போதிய வேளை கிடைப்பது முதல் தேவை. மீன் அதற்குத் துணை, மாற்று அல்ல. பயிருக்குத் தழை, மணி, சாம்பல் மூன்றும் வேண்டியிருக்க, ஒன்றை மட்டும் அள்ளிக் கொட்டினால் மகசூல் கூடாது.

அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தாலும் உண்ட உணவு உடம்பில் ஒட்டாது. கொதித்து ஆறிய நீர், சோப்பால் கழுவிய கை, கழிப்பறைப் பயன்பாடு, உரிய காலத்தில் தடுப்பூசி ஆகியவை உணவுக்குச் சமமானவை. வயிற்றுப்போக்கின்போது உணவை நிறுத்தாமல், உப்புச் சர்க்கரைக் கரைசலோடு சிறிது சிறிதாகத் தொடர வேண்டும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும், செவிலியர் தரும் இரும்புச் சத்து மருந்தையும், 9-ம் மாதத்தில் தொடங்கும் வைட்டமின் ஏ மருந்தையும் மீன் கொடுக்கிறோம் என்பதற்காக நிறுத்தக் கூடாது. குழந்தைக்கு டீ, காபி கொடுக்கவே கூடாது. அவை இரும்புச் சத்தைத் தடுக்கும்.

மீன் உண்ணாத குடும்பத்தார் முட்டை கொடுக்கலாம். அதுவும் ஆகாதவர்கள் பருப்பு, அரைத்த வேர்க்கடலை, தயிர், கீரை ஆகியவற்றைத் தினமும் சேர்த்து, இரும்புச் சத்து மருந்தைத் தவறாமல் கொடுத்து வர வேண்டும்.

பங்கு பிரிக்கும்போது

பெரும்பாலான வீடுகளில் மீன் வாங்கி வருபவர் ஆண். முதலில் உண்பவரும் அவரே. நடுத்துண்டு உழைக்கும் ஆளுக்கு, தலையும் வாலும் பெண்களுக்கு, குழந்தைக்கு ரசஞ்சோறு என்பதே நடைமுறை. நாளெல்லாம் ஏர் பிடித்தவருக்குச் சோறு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வளர்ந்த உடம்பு ஒரு துண்டு குறைந்தால் வாடிவிடாது. வளர வேண்டிய உடம்புக்கு அந்தத் துண்டில் ஒரு விரல் அளவு போதும். சட்டியில் மிளகாய்த் தூள் விழுவதற்கு முன் அந்த ஒரு விரல் அளவைத் தனியே எடுத்து வையுங்கள். பாலூட்டும் தாய்க்கும் ஒரு நல்ல துண்டை ஒதுக்குங்கள்.

பலனை அளந்து பார்ப்பதும் எளிது. பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை 5-ம் மாதம் அளவில் இரு மடங்கும், ஒரு வயதில் மூன்று மடங்கும், அதாவது 9 கிலோவும் இருக்க வேண்டும். உயரம் பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர். ஒரு வயதில் சுமார் 75 சென்டிமீட்டர். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடையும் உயரமும் பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு மேலே ஏறினால் சரி. இரண்டு மாதம் கோடு படுத்திருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் 6 மாதம் முடியும் குழந்தை இருந்தால், சோறூட்டும் நாளிலிருந்து இரண்டாம் வாரத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று சந்தைக்குப் போகும்போது அந்தக் குழந்தைக்கென்று கால் கிலோ மீன் வாங்குங்கள்.